வலிப்புக்காரனின் அக்கா

தயிர்சாத டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியை அழுத்திக்கொண்டு உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டப்பாவுக்குள் சாதத்துக்கு அடியில் ஒரு பட்டாளத்துக்காரனின் அடையாள அட்டை கிடந்தது. அட்டைக்குச் சொந்தக்காரன் அவளுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக இருந்தான். காலை ஏழு மணிக்கு டெல்லியில் சென்னை விமானம் ஏறியபோது அவன் யாரோ, அவள் யாரோ. இப்போது மணி பதினொன்று, அவன் அவளுடைய தம்பி. அப்படித்தான் சொல்லப்போகிறாள். கேட்டால் சொல்வாள். கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் என்ன? வேண்டாம், முந்திக்கொண்டு சொல்கிறவளை யாரும் நம்பமாட்டார்கள், கேட்கட்டும், கேட்ட பிறகு ஒரு மூச்சு விட்டு, சலித்துக்கொண்டு, ஆயிரம் ஆஸ்பத்திரியில் ஆயிரம் டாக்டரிடம் சொல்லி அலுத்துப்போனவள் மாதிரிச் சொல்ல வேண்டும். அந்த அலுப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை நடிக்க வேண்டியதில்லை. பொய் சொல்லும்போது கண் எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா? முப்பத்தெட்டு வயதில் இதுகூடத் தெரியாமல் ஒருத்தி இருப்பாளா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. எஞ்சினை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. காற்று வரும் துளைகள் செத்துக் கிடந்தன. மேல்கூரையிலிருந்து வெக்கை ஈரத்துணி மாதிரி இறங்கித் தலையைச் சுற்றியது. எங்கோ பின்னால் ஒரு குழந்தை அழுது அழுது இப்போது விக்கிக்கொண்டு மட்டும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓடுதளம், அதற்கு அப்பால் மஞ்சள் புல், அதற்கு அப்பால் ஒரு தண்ணீர்த் தொட்டி. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. வடக்கே ஒரு மாநிலத்தைத் தனி நாடாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அதற்காகச் சிறைக்குப் போன எங்கள் தோழர்கள் பதினோரு பேரை விட வேண்டும், விட்டால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொன்னவன் மரியாதையாகத்தான் சொன்னான். இடைஞ்சலுக்கு மன்னிக்கவும் என்றுகூடச் சொன்னான். அந்த மன்னிக்கவும் என்ற வார்த்தையைத்தான் அவள் நம்பவில்லை.

மொத்தம் நாலு பேர். விமானிகளின் அறைக்குள் ஒருவன், வால் பக்கம் ஒருவன். நடுவில் நடமாடுகிறவர்கள் இருவர். ஒருவன் மூக்குக்கண்ணாடி போட்டவன், கண்ணாடியின் ஒரு காம்பு வெள்ளை நூலால் கட்டியிருந்தது. இன்னொருவன் நீலச் சட்டை, கையில் துப்பாக்கி, எதையும் இரண்டாவது தடவை சொல்லமாட்டான். கண்ணாடிக்காரன்தான் எல்லோருடைய டிக்கெட்டையும் ஒரு துணிப்பையில் வாங்கிக்கொண்டு போனான். அவன் பத்தாவது வரிசையில் இருக்கும்போதுதான் நீலச் சட்டைக்காரன் முன்னாலிருந்து கத்தினான்: பட்டாளத்துக்காரர்கள், போலீஸ்காரர்கள் யாராக இருந்தாலும் தாங்களாகவே எழுந்து வந்துவிடுங்கள், நாங்களாகக் கண்டுபிடித்தால் வேறு மாதிரி இருக்கும். முதலில் இந்தியில் சொன்னான், பிறகு ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த பையனின் கை சட்டைப் பைக்குப் போனதை அவள் பார்த்துவிட்டாள். ஒட்ட வெட்டிய தலை, காதுக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்த தோல், இஸ்திரிப் பெட்டி போட்டுத் தேய்த்த மாதிரி நேரான முதுகு. எழுந்துகொள்ளத்தான் போனான். எழுந்து போய்விடுவதுதான் ஒழுங்கு என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. "தமிழா?" என்றாள். "ஆமாக்கா." "எந்த ஊரு?" "சாத்தூர்ப் பக்கம்." "அதக் குடு." அவன் என்னவென்று கேட்காமல் கொடுத்தான். டப்பாவைத் திறந்து சாதத்தை விரலால் தோண்டிப் புதைத்து மேலே ஊறுகாய்த் துண்டை வைத்து மூடியபோது அவளுக்கு மனசில் ஒன்றுமே இல்லை. மண்ணை அள்ளிச் சல்லடையில் போடும்போது எப்படி ஒன்றும் இருக்காதோ அப்படி. கோவில்பட்டியில் மண் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருஷமாக அதுதான் அவள் வேலை. யாருடைய காட்டு மண்ணாக இருந்தாலும் காயவைத்து, இடித்து, சலித்து, இது களர், இது உவர் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பாள். எங்க மண்ணு நல்ல மண்ணுன்னு எழுதுங்கம்மா என்று கெஞ்சுகிற சம்சாரிகளுக்குக்கூட மாற்றி எழுதியதில்லை. அந்த வேலைக்கான இரண்டு வாரப் பயிற்சிக்குத்தான் இலாகா அவளை டெல்லிக்கு அனுப்பியது. விமானத்தில் அனுப்பியது. அலுவலகத்தில் எல்லோருக்கும் பொறாமை.

பையன் பெயர் சோலையப்பன். இருபத்திநாலு வயது. அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்ததாம், ரயிலில் போனால் முகம் பார்க்க முடியாது என்று அவனுடைய அதிகாரியே விமானத்தில் ஏற்றிவிட்டாராம். கண்ணாடிக்காரன் வரிசை வரிசையாக வருவதற்குள் இவ்வளவுதான் தெரிந்துகொள்ள முடிந்தது. டிக்கெட்டில் பெயர் இருக்கும், பெயரை மாற்ற முடியாது, பெயர் அவனுடையதாகவே இருக்கட்டும், மற்றதெல்லாம் குற்றாலிங்கத்தினுடையது. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரோ பின்னாலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தது மாதிரி வந்துவிட்டது. குற்றாலிங்கம் அவள் தம்பி. இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவனுக்கு வலிப்பு உண்டு. "இங்க பாரு, ஒனக்கு வலிப்பு. பதினேழு வயசுலேந்து வருது. டெல்லில பெரிய ஆஸ்பத்திரில காமிச்சுக் கூட்டிட்டுப் போறேன். தலைல மின்சாரம் வச்சுப் பாத்தாங்க, அதுக்குத்தான் முடிய வெட்டிருக்கு. ஒனக்கு இந்தி தெரியாது. ஒண்ணும் தெரியாது. என்ன சொன்னாலும் என்னயப் பாரு." அவன் தலையாட்டினான். ஆட்டிவிட்டு, "பொய் சொன்னா கண்டுபிடிச்சிருவாங்கக்கா, ஒங்களுக்கும் சேந்துல்லா ஆபத்து" என்றான். கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்கமாட்டார்கள் என்பதெல்லாம் இனி அவர்கள் பாடு. சொல்வது ஒன்றுதான் தன் பாடு. கண்ணாடிக்காரன் வந்து குனிந்து கேட்டான், நீங்கள் இரண்டு பேரும்? அவள் ஒரு மூச்சு விட்டாள். கண் தானாகவே போய் அவனுடைய மூக்குக்கண்ணாடியைக் கட்டியிருந்த நூலில் உட்கார்ந்துகொண்டது. முகத்தையும் பார்க்க வேண்டாம், கீழேயும் பார்க்க வேண்டாம், நூலைப் பார்த்துச் சொன்னால் போதும். என் தம்பி, நோயாளி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என்ன நோய் என்றான். சொன்னாள். அவன் பையனைப் பார்த்தான், பையன் அவளைப் பார்த்தான். டப்பாவில் என்ன என்றான். அவளே மூடியைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெக்கையில் தயிர் புளித்துப் பொங்கியிருந்தது. அவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். மூடியைத் திரும்பப் போட்டு அழுத்தினாள்.

இவ்வளவு சுலபமா? இவ்வளவுதானா? இந்த ஒரு வாக்கியத்துக்கா பதினெட்டு வருஷம்? அவள் மனசு வேறு எங்கும் போகாமல் அந்த வாசலிலேயே போய் நின்றது. அறுபத்தைந்தாம் வருஷம், மாசி மாசம், காலை பத்து மணி இருக்கும், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போய், தபால் ஆபீஸ் பலகையில் தார் பூசி, ரயிலை மறித்து, போலீஸ் துரத்தித் துரத்திப் பிடித்துக்கொண்டிருந்த சமயம். அவளுக்கு அப்போது வயசு இருபது, குற்றாலிங்கத்துக்குப் பதினேழு. வந்த போலீஸ் அதிகாரி செருப்பைக்கூட வாசலில் கழற்றினார். "தம்பி உள்ள இருக்கானாம்மா? ஒண்ணுமில்ல, ரெண்டு வார்த்தை கேட்டுட்டு விட்டுருதோம்" என்றார். அவருக்கு அவள் அப்பா வயது, நெற்றியில் திருநீறு. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மச்சில படுத்திருக்கான்" என்றாள். இரண்டே வார்த்தை. உள்ளதை உள்ளபடி. மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டார்கள். காதுக்குப் பின்னால் மண்டை வீங்கியிருந்தது. நாலு மாசம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சோற்றுக் கையோடு அப்படியே சாய்ந்தான். பிறகு பதினாறு வருஷம். மாத்திரை, மந்திரிப்பு, மதுரை, திருவனந்தபுரம். அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளெல்லாம் வீட்டில் ஒரு வலிப்புக்காரன் இருக்கிறான் என்று வந்த வழியே போனார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை, கடைசிவரை வருத்தமில்லை. ஒரு நாள்கூட அவன் அவளைக் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, ஏதோ சிரிப்புப் பேச்சில், "எங்கக்காவுக்குப் பொய் சொல்ல வராது, பாவம்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்புதான் இன்றுவரை காதில் நிற்கிறது. இல்லை, ஊருக்குப் போயிருக்கான் என்று சொல்லியிருந்தால்? மச்சில் ஏறிப் பார்த்திருப்பார்களா? பார்த்திருக்கலாம், பார்க்காமலும் போயிருக்கலாம். அந்தப் பார்க்காமலும் என்பதைத் தாண்டி அவளால் எங்கும் போக முடிந்ததில்லை. இந்தக் கண்ணாடிக்காரனுக்கும் ஒரு அக்கா இருப்பாள். இவனும் ஒரு நாள் பலகையில் தார் பூசினவனாக இருக்கலாம், இவன் மண்டையிலும் யாராவது அடித்திருக்கலாம். அதை நினைக்க அவள் பயப்படவில்லை, நினைத்தாள். நினைத்துவிட்டு, அதற்காக இந்தச் சாத்தூர்ப் பையனைக் கொடுக்க முடியாது என்றும் நினைத்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எதுவும் எதையும் தள்ளவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் வெக்கை ஒரு மனிதன் மாதிரி எல்லோர் மேலும் உட்கார்ந்துகொண்டது. சேலை முதுகில் ஒட்டியது. தண்ணீர் கேட்ட ஒருவரைத் தாண்டி நீலச் சட்டைக்காரன் நடந்து போனான். முன்னால் விமானிகளின் அறையில் யாரோ வயர்லெஸ்ஸில் கத்துவது கேட்டது. பேச்சு சரியாகப் போகவில்லை போலிருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு நீலச் சட்டைக்காரன் வந்தபோது முகம் கறுத்திருந்தது. நடைபாதையின் நடுவில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தான். அவன் தலைமுடியைத்தான் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தவுடன் இடது கையை நகர்த்திச் சோலையப்பனின் கைமேல் வைத்தாள். என்னவோ வரப்போகிறது, கேள்வி இல்லை, கேள்வியாக இருந்தால் நேரே வந்திருப்பான். பிறகு வயிற்றிலிருந்து எடுத்து, மைதானத்தில் கத்துவது போல, இந்தியில் ஒரே வார்த்தை கத்தினான். "சாவ்தான்!" நேராக நில் என்று அர்த்தம், பட்டாளத்தில் தினமும் விடியற்காலையில் காதில் விழுகிற வார்த்தை. அவள் கைக்கு அடியில் பையனின் முன்கை முறுக்கேறியது, தொடை இருக்கையை விட்டு எழும்பியது. அவள் ஐந்து நகத்தையும் அவன் மணிக்கட்டில் இறக்கினாள். தோல் கிழிவது விரல்நுனியில் தெரிந்தது. உட்காரு, உட்காரு, உட்காரு என்று வாய் அசையாமல் சொன்னாள். அவன் உட்கார்ந்தே இருந்தான். மூன்று வரிசைக்கு முன்னால் வேறொருவர் எழுந்து நின்றார். அறுபது வயது இருக்கும், சாம்பல் நிற சஃபாரி உடை, நரைத்த தலை. குதிகால் இரண்டும் ஒட்டி, கைகள் தொடையில் ஒட்டி, நெஞ்சை முன்தள்ளி நின்றார். நின்ற பிறகுதான் தான் நிற்பது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. சுற்றிலும் பார்த்தார். உட்காரப் போனார். அதற்குள் நீலச் சட்டைக்காரன் அவருடைய காலரைப் பிடித்துவிட்டான்.

முன்பக்கத் திரைக்குப் பின்னால் அவரைக் கொண்டுபோனார்கள். அடி விழும் சத்தம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, மெத்தையைத் தட்டுகிற மாதிரி. நடுவே பெரியவர் ஏதோ ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார், என்னவென்று விளங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே நீளம், ஒரே ஏற்ற இறக்கம். சோலையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் போயிருதேன்க்கா, அந்தாளு எனக்காக வாங்குதாரு" என்றான். "ஒனக்காக இல்ல. அவரு எந்திரிச்சாரு." "நான் எந்திரிச்சிருந்தா அவர விட்டிருப்பாங்க." "விடமாட்டாங்க. ரெண்டு பேரையும் வச்சிருப்பாங்க." சொல்லிவிட்டாள், ஆனால் அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. இதையும் பொய்க் கணக்கில் சேர்ப்பதா? பழகிவிட்டதோ, ஒரு பொய் போனால் பின்னாலேயே இன்னொன்று வருமோ? ஒருவனை மறைத்தால் இன்னொருவன் தலை வெளியே தெரிகிறது. உள்ளதைச் சொன்னாலும் அடி, மறைத்தாலும் அடி, எங்கேயோ யாரோ ஒருத்தர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் என்னதான் செய்வது? ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் துள்ளியது. எழுந்து போய் அவரை விடுங்கள் என்று கத்தலாமா? கத்தினால் அடுத்து கேட்பான், உனக்கு எப்படித் தெரியும் என்று. கால் எழவில்லை. எழவில்லையா, எழவிடவில்லையா? விடவில்லை. தானேதான் தன்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள், அதைக் கோழைத்தனம் என்று பெயர் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. தெரிந்து செய்கிறாள். ஒருவனை எடுத்தாயிற்று, எடுத்தவனை இறக்கி வைக்கும்வரை வேறொன்றை எடுக்கக் கை இல்லை. பிறகு அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். பிறகு என்று ஒன்று இருந்தால். இருக்கும். இருக்க வேண்டும். இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு யோசிக்க முடியும். "வலிப்பு வந்தா எப்படி இருக்கும்னு பாத்திருக்கியா?" என்றாள். "இல்லக்கா." "சொல்லுதேன், கேட்டுக்க. மொதல்ல வலது கை."

இரண்டு மணிக்குச் சற்று முன்னால் நீலச் சட்டைக்காரன் திரும்ப வந்தான். இந்தத் தடவை நேராக அவர்களுடைய பதினாலாவது வரிசைக்கு. துப்பாக்கி முனையால் சோலையப்பனின் காதோரத்தைத் தொட்டுப் பார்த்தான். இவன் யார் என்று கண்ணாடிக்காரனிடம் கேட்டான். நோயாளி, இவளுடைய தம்பி என்றான் அவன். எழுந்திரு என்றான் நீலச் சட்டைக்காரன், இந்தியில். சோலையப்பன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இப்போது என்று கண் சொல்லிற்று. அவனுடைய வலது கை மெல்ல மடங்கியது, விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து இறுகின. ஆனால் அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை, பாதியில் நின்றுவிட்டான், பாடத்தை மறந்த பிள்ளையைப் போல விழித்தான். அவ்வளவுதான் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே எழுந்து தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரிக் குரலில் கத்த ஆரம்பித்தாள். "ஏ தம்பீ, வந்துட்டுதா, பாவி வலிப்பு வந்துட்டுதா, கழுத்தத் திருப்புல, எடது பக்கம் திருப்புல, கண்ண மேல சொருகுல, ஏ என் ராசா, பல்லக் கிட்டிச்சுக்கோல, எச்சில ஒதட்டுல விடுல, காலு, காலு, ரெண்டு காலும் வெட்டி வெட்டி இழுக்கணும்ல, எங்கய்யா, நிறுத்தாத, நிறுத்தாதல!" அவளைச் சுற்றி நின்ற இருவருக்கும் தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. முன் வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது, அந்த அம்மாள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டாள். சோலையப்பன் செய்தான். சொன்னதையெல்லாம் செய்தான். கழுத்து திரும்பிற்று, கண் வெள்ளையாயிற்று, குதிகால் முன்னிருக்கையின் அடியில் தட்டித் தட்டி இழுத்தது, உதட்டோரம் எச்சில் நுரைத்து மோவாயில் வழிந்தது. அவள் கத்திக்கொண்டே இருந்தாள், ஆனால் கத்துகிறவள் ஒருத்தி, பார்க்கிறவள் ஒருத்தி. பார்க்கிறவள் பார்த்தது குற்றாலிங்கத்தை. அதே கை, அதே மடக்கு. சமையலறைத் தரை, கவிழ்ந்த ரசச் சட்டி, தலைக்கு அடியில் அவள் சுருட்டி வைத்த முந்தானை. கடைசித் தடவை அவள் பக்கத்தில் இல்லை, கிணற்றடியில் தனியாக விழுந்தான், அவள் அலுவலகத்தில் யாருடைய மண்ணையோ சலித்துக்கொண்டிருந்தாள். இங்கே இருக்கிறாள். இந்தத் தடவை இருக்கிறாள். அவள் குனிந்து பையனை ஒருக்களித்துச் சாய்த்து, தன் முந்தானையைச் சுருட்டித் தலைக்கு அடியில் கொடுத்தாள். அதை யாரும் சொல்லிக்கொடுத்து அவள் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. அதைப் பார்த்துத்தான் கண்ணாடிக்காரனின் முகம் மாறிற்று. போதும் விடு, இவன் இங்கே செத்துத் தொலைந்தால் நமக்குத்தான் தொல்லை என்று அவன் நீலச் சட்டைக்காரனிடம் இந்தியில் சொன்னான். அவளுக்கு விளங்கியது. சின்ன வயதில் ஊரில் இந்தி வகுப்புக்கு ஒரு வருஷம் போயிருக்கிறாள். குற்றாலிங்கம் அடிபட்டு வந்த அன்றைக்கு அந்தப் புத்தகத்தை அடுப்பில் வைத்தாள். அவள் விளங்காத முகத்தோடு அழுதுகொண்டே இருந்தாள்.

அரைமணி நேரம் கழித்துப் பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் இறக்குவதாக முடிவாயிற்று. கீழே இருந்து தண்ணீரும் சாப்பாடும் வரும், பதிலுக்கு இது. வாசலில் ஏணி வந்து இடித்தபோது விமானமே ஒரு தடவை அசைந்தது. சோலையப்பனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். "காலை இழு, நேரா நடக்காத" என்றாள். பதினோராவது வரிசையில் பெரியவரின் இடம் காலியாக இருந்தது, இருக்கையில் ஒரு தினசரித் தாள் மட்டும் கிடந்தது. முன்பக்கத் திரை பாதி விலகியிருந்தது. பெரியவர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வலது கை மடியில் ஒரு மாதிரி திரும்பிக் கிடந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். நிற்கவில்லை. ஏணியில் கால் வைத்ததும் வெளிக்காற்று முகத்தில் அடித்தது, எரிகிற காற்று, ஆனாலும் காற்று. பின்னால் கண்ணாடிக்காரன் மெதுவாக, மாத்திரையை வேளை தவறாமல் கொடு என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவள் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்தாள். ஏணியில் இருபத்திரண்டு படிகள். கடைசிப் படியில் சோலையப்பனின் உடம்பு உண்மையாகவே நடுங்க ஆரம்பித்தது, பேருந்துவரை அவள் அவனை உண்மையாகவே தாங்கித்தான் கொண்டுபோனாள்.

கூட இறங்கிய மற்றவர்களைப் பிறகு சென்னைக்கு வேறு விமானத்தில் ஏற்றினார்கள். அட்டையைச் சாதத்திலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுத்ததும் அதிகாரிகள் சோலையப்பனை விசாரணைக்கென்று ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் அவள் காலைத் தொட வந்தான், அவள் விடவில்லை. "அம்மாவப் போய்ப் பாரு" என்றாள். அவள் விமானம் ஏறவில்லை. அந்தப் பெரியவர் இறங்காமல் நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு விமான நிலையக் கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்து போகச் சொல்லி மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேருக்கும் அதே பதில். சொல்லச் சொல்ல அந்தப் பதில் அவளுக்குள் கெட்டிப்பட்டது. ஆறு மணிக்குப் பேச்சுவார்த்தை முடிந்து நாலு பேரும் ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டு இறங்கினார்கள் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். கடைசியாகப் பெரியவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கையில் கட்டு, உதடு வீங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் பெஞ்சுக்கு எதிரேயே உட்கார வைத்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று மணி நேரமாக அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கலைந்துவிட்டது. "ஐயா தமிழா?" என்றாள். "ஆமாம்மா. சவரிமுத்து. லால்குடி." "பட்டாளத்துல இருந்தீங்களா?" அவர் சிரிக்கப் பார்த்தார், உதடு இடம் கொடுக்கவில்லை. "டிரில் மாஸ்டர்ம்மா. டெல்லில தமிழ்ப் பள்ளிக்கூடத்துல முப்பத்தோரு வருஷம். அந்த வார்த்தைய நான் சொன்னாப் பிள்ளைங்க நிக்கும், நானும் சேந்து நிப்பேன். போன மாசந்தான் ரிட்டயர்டு ஆனேன். அதத்தான் அவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். டிரில் மாஸ்டர், டிரில் மாஸ்டர்னு. நம்பவே இல்ல."

உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார் இந்த மனிதர். அத்தனை தடவையும் ஒரே நீளம், ஒரே ஏற்ற இறக்கம், திரைக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டது அதைத்தான். உண்மையை நம்பவில்லை. அவள் அளந்துவிட்ட பொய்யை நம்பி மாத்திரை கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் போய்விடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த ஒரு நாளில் இவ்வளவு சொன்னவளுக்கு இதையும் விழுங்கிக்கொள்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. அவள் அவருடைய கண்ணைப் பார்த்தாள். "அவங்க தேடின ஆளு எம் பக்கத்துலதான் இருந்தான். சின்னப் பையன். அந்த வார்த்தைக்கு அவனும் எந்திரிக்கப் போனான். நான்தான் பிடிச்சு உக்கார வச்சேன். நீங்க அடி வாங்கும்போதும் அவன் போறேன்னான், நான் விடல." சொல்லி முடித்துவிட்டு அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றார். "சரிங்கய்யா." அவள் எழுந்து போகவில்லை. திட்டினால் திட்டட்டும், பேசாவிட்டால் பேசாமல் இருக்கட்டும், ஆம்புலன்ஸ் வந்தால் கூடவே ஏறுவது, ஆஸ்பத்திரியில் வெளியே போ என்றால் வாசலில் நிற்பது. மனசு முதல் தடவையாக அன்றைக்கு எங்கும் ஓடாமல் ஒரே இடத்தில் நின்றது. கூடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. யாரோ ஒரு சிப்பந்தி பெரியவர் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனான். அவர் இடது கையால் எடுத்தார், பழக்கமில்லாத கை, டம்ளர் ஆடிற்று, தண்ணீர் உதட்டுக்குப் போகாமல் மோவாயில் சிந்திற்று. இன்னொரு தடவை முயன்றார். பிறகு டம்ளரைக் கீழே வைக்காமல், ஜன்னலைப் பார்த்தபடியே, அவள் பக்கமாகக் கொஞ்சம் நீட்டினார். அவள் எழுந்து போய் வாங்கினாள். ஒரு கையால் அவருடைய பிடரியைத் தாங்கிக்கொண்டு, வீங்காத பக்கமாகப் பார்த்து டம்ளரின் விளிம்பை வைத்தாள்.

"மெதுவா" என்றார் சவரிமுத்து.